அறநிலையக் காவலும் கணக்கொப்புவித்தலும்

அறஞ் செய்தல் அரிது. செய்த அறத்தைக் காத்தல் அதனினும் அரிது. ஒருவர் தம் பொருளை ஈந்து ஒரு கோயிலோ, மடமோ, கல்விச்சாலையோ, நோயாளர் இல்லமோ நிறுவுங்கால் அவருடைய அன்பே அதற்குப் போதிய முதலாகின்றது. அவர் மறைந்த பின்னர் அந்நிலையத்தை நடத்துவோர் அவரைக் கண்டறியாதவராயும், அப்பொருளை ஈட்டுதற்கு வருந்தாதவராயும் இருப்பர். அக்காலத்து அவ்வறம் நிலைபெறுவது நடத்துவோருடைய நல்லியல்பு ஒன்றனாலோ, அன்றி அவரைக் கட்டுப்படுத்தும் முறைமையாலோ என்பது ஆராயற்பாலது. நல்லியல்பே போதும் என்பார் பலர். நம் நாட்டுக் கல்வெட்டுக்களை ஊன்றி நோக்குவார்க்கு, நம் முன்னோர் அங்ஙனம் கருதினாரல்லர் என்பது புலனாம். அவர்கள் நல்லியல்புடையாரைத் தேடினர். தேடிக்கொண்ட பின்னரும் அவரிடத்துக் கணக்குக் கேட்டனர். கணக்குக் கேட்கும் முறை தளர்ந்த காலத்தே அறநிலையங்களும் தளர்ந்தன. இதனை வரலாற்று முகத்தான் விளக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் திண்டுக்கல் நகரம் பொருத்தமானதொரு தொடக்கமாகும். அந்நகரின் பெரும்பாறை பத்மகிரி எனவும் வழங்கும். அதன்மேல் கோட்டையும் பழைய கோயிலும் உள்ளன. மலைமேற் கோயிலில் இப்பொழுது மூர்த்தம் இல்லை. பத்மகிரீசுவரரும் அபிராமியம்மையும் நகரினுள்ளே காளத்தீசுவரர் ஞானாம்பிகையுடன் ஒரே திருக்கோயிலில் எழுந்தருளியுள்ளனர். அந்நகரின் ஒரு பகுதியே பேகம்பூர். 1755ஆம் ஆண்டில் திண்டுக்கல்லிற் பௌசுதாராக அமர்த்தப்பெற்ற ஐதர் அலியின் தங்கையார் அமீருன்னிசா பேகம் அடக்கஞ் செய்யப்பெற்ற இடமாதலின் அப்பகுதி அப்பெயர் பெற்றதென்பர். அவ்வடக்கவிடத்தை அடுத்துப் பெரிய பள்ளிவாசல் விளங்குகின்றது.

கோயில் சைவருடையது, பள்ளிவாசல் இசுலாமியருடையது. வழிபடு முறையும் நூலும் வேறு. ஆயினும் இரண்டனையும் காப்பார் தம்முட் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் ஒன்றே. இப்பொருள் யாருடையது? இதனைக் கையாளும் யான் யார்க்கு விடை கூறுதற்குரியேன்? வக்பு செய்யப்பெற்ற பொருள் செய்தவர் உடைமையினின்றும் நீங்கி இறைவனுக்குரியதாகின்றது என்றும், முத்தவல்லி அதனை மேற்பார்ப்பவரேயன்றி உடையவர் அல்லர் என்றும் இசுலாமியச் சட்டநூலார் கூறுவர். நம் சிவாலயங்களின் கொள்கையும் இதனோடு ஒத்ததேயாம். அதனை முதற்கண் காண்போம்.

சிவாலயத்தின் உடைமைகள் அனைத்தும் இறைவனுடையன. அவற்றைப் பற்றிய கொடுக்கல் வாங்கல்கள் சோழர் காலத்தில் ஆதிசண்டேசுவரர் பெயரால் நிகழ்ந்தன. நிலம் விற்றாரும் வாங்கினாரும், பொன் வைத்தாரும் கடன் கொண்டாரும் சண்டேசுவரரை ஒரு தரப்பினராகக் கொண்டே ஓலை எழுதினர். கோயில் நில விற்பனை சண்டேசுவரப் பெருவிலை எனப் பெயர் பெற்றதும் இதுபற்றியேயாம். தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் இதற்குத் தக்க சான்றாகும். அக்கோயிலை எடுப்பித்தவன் முடிவேந்தனாகிய முதல் இராசராசன். எனினும் அக்கோயிற் காசினைப் பல ஊர்ச்சபையார் பொலிசைக்குக் கொண்டபோது, கடன் கொடுத்தவராக எழுதப்பெற்றவர் அரசன் அல்லர், ஆதிசண்டேசுவரரே. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசையாக, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை விழுக்காடாக, அவ்வூரார் செலுத்தக் கடவர். கொடுத்த பின்னர் அப்பொருள்மேற் கொடுத்தவனுக்கு உரிமையில்லை என்பதனை மன்னன் தன்னளவிலேயே ஒழுகிக் காட்டினான்.

இன்றும் அன்பர்கள் சண்டேசுவரர் திருமுன்பு கைதட்டி, இறைவனுடைய பொருள் எதனையும் யாம் கொண்டு செல்லவில்லை என்று குறிப்பாற் கூறிச் செல்கின்றனர். நாடோறும் வரும் எளிய அடியார்க்கு இவ்விடையிறுப்பு விதிக்கப்பெற்றிருப்ப, ஆண்டு முழுதும் கோயிற் பொருளைக் கையாளுவார்க்கு அதனினும் பெரியதொரு விடையிறுப்பு வேண்டும் என்பதற்கு ஐயமுண்டோ?

நாட்டியத்தான்குடிக் கோட்புலி நாயனார் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. சோழர் படைத்தலைவராகிய அவர் இறைவன் திருவமுதுக்கெனச் சேமித்த நெல்லைத் தம் சுற்றத்தார் பொறுப்பில் வைத்து, திருவிரையாக்கலி என்னும் ஆணையும் இட்டுப் போர்மேற் சென்றனர். பஞ்சம் வந்துழி அச்சுற்றத்தார் அந்நெல்லை எடுத்து உண்டனர். மீண்டு வந்த நாயனார் அவர்களை வாளால் ஒறுத்தனர். அச்செயலின் கடுமை அன்பின் எல்லை கடந்த நிலையைக் குறிப்பது; அது நமக்கு நடைமுறையன்று. ஆயினும் அவ்வரலாறு காட்டும் உண்மை எக்காலத்துக்கும் உரியது. அறப்பொருளை முதலில் உண்டவர் கள்வர் அல்லர்; சுற்றத்தாரே. அவர்களைத் தடுக்க ஆணை ஒன்றே போதியதாகவில்லை. ஆணையிட்டவர் அயலே சென்றிருந்த காலத்து அதனை மேற்பார்ப்பார் ஒருவரும் இலராயினர்.

இனி, மேற்பார்வை எங்ஙனம் அமைக்கப்பெற்றது என்பதனை நோக்குவாம். சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களில் ஸ்ரீகாரியஞ் செய்வார், தேவகன்மிகள், ஸ்ரீமாகேசுவரக் கண்காணி செய்வார், கோயிற் கணக்கர் என்னும் பெயர்கள் அடுத்தடுத்து வருதல் காணலாம். கோயிற் காரியங்களை நடத்துவார் ஸ்ரீகாரியத்தார். கோயிற்பணி புரிவார் தேவகன்மிகள். அடியார் திருக்கூட்டத்தின் சார்பாக நின்று கண்காணிப்பார் மாகேசுவரர். வரவு செலவு எழுதுவார் கணக்கர். செய்வோரும், செய்வதைக் காண்போரும், கண்டதை எழுதுவோரும் வேறுவேறாக இருந்தனர் என்பது கருதத்தக்கது. அறக்கட்டளைக் கல்வெட்டுக்கள் பலவற்றின் இறுதியில், அவ்வறம் மாகேசுவரர் அனைவருடைய காப்புக்கும் உரியதென்று வரையப்பெற்றுள்ளது. காவல் ஓரிருவர் கையில் நில்லாது அடியார் கூட்டம் முழுமைக்கும் உரித்தாயிற்று.

இராசராசேச்சரத்திற் பண்டாரிகள், கணக்கெழுதுவார், திருமெய்காப்பார் ஆகியோரைப் பல ஊர்ச்சபைகள் அனுப்புதல் வேண்டும் என அரசன் விதித்தான். கோயிற் பொருளைக் காப்பாரும் எழுதுவாரும் கோயில் நடத்துவாருடைய உறவினராக அமையாமல், நாட்டின் பல பகுதியினராக அமைதற்கு இது வழியாயிற்று. மன்னனும், அவன் தமக்கையாரும், தேவிமாரும், பிறரும் கொடுத்த பொன்னும் மணியும் ஆடவல்லான் முதலிய கோயில் நிறைகற்களால் நிறுக்கப்பெற்றுக் கல்லிலே வெட்டப்பெற்றன. எழுத்தறிந்தார் எவரும் கோயிலின் பொருள் இவ்வளவிற்று என்பதனைச் சுவரிலே படித்துக்கொள்ளலாம். இரும்புப்பெட்டியுட் பூட்டி வைக்கப்பெறும் கணக்கிற்கும், வாயிலிற் பொறிக்கப்பெறும் கணக்கிற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

குழுவினரைத் தெரிந்தெடுக்கும் முறைக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் தலைசிறந்தன. முதற் பராந்தக சோழன் ஆட்சியில் 919, 921ஆம் ஆண்டுகளில் வரையப்பெற்ற அவை, அவ்வூர் மகாசபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் எடுக்கும் முறையைக் கூறுவன. இரண்டாங் கல்வெட்டின்படி ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பெற்றது. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேற்பட உடையராயும், தம் மனையிலே வீடுடையராயும், அகவை முப்பத்தைந்திற்கு மேல் எழுபதிற்குட்பட்டவராயும், மறைநூல் அறிந்தவராயும், நல்வழியில் ஈட்டிய பொருளினராயும் உள்ளார் பெயரே ஓலையில் எழுதப்பெறும். கடந்த மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தார் விலக்கப்பெறுவர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதார் விலக்கப்பெறுவர். அவர் மட்டுமல்லர், அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மைத்துனன், மருமகன் முதலிய உறவினரும் விலக்கப்பெறுவர். பிறர்பொருள் கவர்ந்தாரும் அங்ஙனமே.

ஓலைகள் குடும்புவாரியாகக் கட்டப்பெற்றுக் குடத்திலிடப்பெறும். நம்பிமாருள் முதியவர் ஒருவர் அக்குடத்தை அனைவரும் காண எடுத்து நிற்பர். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த அகங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். அங்கிருந்த நம்பிமாரும் வாசிப்பர். விரல் மடங்கிய கையில் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடும் என்னும் ஐயத்திற்கும் இடங்கொடாமை நோக்குக. இங்ஙனம் எடுக்கப்பெற்றாருள் பன்னிருவர் சம்வற்சர வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். இடையே குற்றப்பட்டார் உடனே நீக்கப்பெறுவர். கணக்கனுக்கும் விதியுண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே சபைமுன் காட்டிச் சுத்தன் எனப்பட்டாலன்றி அவன் மீண்டும் கணக்கிற் புகலாகாது. அவன் கணக்கைப் பிறிதொரு கணக்கன் புகுந்து முடித்தலும் ஆகாது.

இவ்விதிகளுட் சிறந்தன மூன்றென்று கொள்ளலாம். பதவிக்கு எல்லை ஒன்று; கணக்கு முடித்தாலன்றி மறுமுறை பதவியின்மை இரண்டு; தவறினார் சுற்றத்தார்க்கும் இடமின்மை மூன்று. அற்றேல், ஆண்டுதோறும் புதியவரே வரின் பழகிய அறிவு கெடாதோ எனின், அதற்கும் அவர்கள் வழி கண்டிருந்தனர். சம்வற்சர வாரியத்திற்கு, முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தாரும், கல்வியினும் அகவையினும் மூத்தாரும் எடுக்கப்பெற்றனர். சிறு பொறுப்பிற் பழகித் தேறினாரே பெரும் பொறுப்பிற்கு வந்தனர்.

அச்சபையின் குறைபாட்டினையும் மறைத்தல் ஆகாது. அது பிரமதேயத்துச் சபை; நிலமுடைய அந்தணர்க்கே அதில் இடமிருந்தது. பெண்டிர்க்கும், நிலமில்லார்க்கும், பிற குடியினர்க்கும் அதில் ஓலை இல்லை. ஆதலின் அதனை இக்காலக் குடியாட்சியோடு வைத்து எண்ணுதல் பொருந்தாது. நாம் கொள்ளத்தக்கது யாரைச் சேர்த்தனர் என்பதன்று. சேர்த்தவரை எங்ஙனம் கட்டுப்படுத்தினர் என்பதேயாம்.

முறை இருந்தும் அறம் தளர்தல் உண்டு. அப்பொழுது செய்யத்தக்கது யாது என்பதனைத் திருவல்லத்துக் கல்வெட்டொன்று காட்டுகின்றது. முதல் இராசராசனது 7ஆம் ஆட்சியாண்டில், உத்தமசோழன் மைந்தரெனக் கருதப்பெறும் மதுராந்தகன் கண்டராதித்தர் அத்தலத்தை வழிபட வந்தனர். பெருமானுக்குரிய திருவமுது இருநாழி அரிசியாகக் குறைந்திருத்தலையும், கறியமுதும் நெய்யும் தயிரும் நின்றுபோனதையும், நந்தாவிளக்குகள் புறக்கணிக்கப்பெற்றிருத்தலையும் கண்டனர். கண்டவுடன் அக்கோயிற் சிவப்பிராமணரையும் ஊர்ச்சபையாரையும் அழைத்துக் கோயிலின் வரவையும் செலவையும் கூறுமின் எனக் கேட்டனர். அவர் முதலில் நோக்கியது ஏட்டினை அன்று. இறைவன் திருமுன்பு வைக்கப்பெற்ற அமுதினையும் எரியாத விளக்கினையுமே நோக்கினர். அறம் நோக்கிய பயன் நிகழ்கின்றதா என்பது முதல் வினா. நிகழவில்லையெனின் பொருள் யாண்டுச் சென்றது என்பது இரண்டாம் வினா. ஏடு செவ்வையாயிருந்தும் விளக்கு எரியாதாயின் அக்கணக்கு கணக்கன்று.

பேரரசுகள் வீழ்ந்து காலம் மாறியது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கற் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. பின்னர்ச் சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டின் 7ஆம் ரெகுலேஷன் ஏற்பட்டது. கோயில், பள்ளிவாசல், கல்விச்சாலை, சத்திரம், பாலம் ஆகியவற்றுக்கு விடப்பெற்ற மானியங்களின் வருவாய் உரிய செயலுக்கே சென்று சேர்தலை ரெவினியூ போர்டார் மேற்பார்த்தல் வேண்டும் என்பது அதன் விதி. திண்டுக்கல்லிலுள்ள கோயிலும் பேகம்பூரிலுள்ள பள்ளிவாசலும் ஒரே விதியின்கீழ் நின்றன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பிற மதத்தினரின் வழிபாட்டிடங்களைக் கிறித்தவ அரசு பேணுதல் தகாது என்னும் கிளர்ச்சி இங்கிலாந்தில் எழ, 1833ஆம் ஆண்டில் அதனைக் கைவிடுமாறு கட்டளை பிறந்தது. 1840களின் தொடக்கத்தில் சென்னையில் அது நிறைவேறிற்று. கண்காணித்தவர் விலகினர், அவரிடத்தை நிரப்புவார் இலராயினர். 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் ஜில்லாக்கள்தோறும் கமிட்டிகளை ஏற்படுத்தியது. மூவர்க்குக் குறையாத உறுப்பினரும், அவர்கள் அம்மதத்தினராதலும், தருமகர்த்தர் முறையாகக் கணக்கு வைத்தலும், ஆண்டுக்கொருமுறையேனும் கமிட்டியார் அதனைக் கேட்டு வாங்குதலும் அச்சட்டத்தில் விதிக்கப்பெற்றன. விதி நன்றே. ஆயினும் அதனுள்ளே ஒரு நஞ்சும் இருந்தது. நீதிமன்றம் நீக்கினாலன்றிக் கமிட்டி உறுப்பினர் ஆயுட்காலம் முழுதும் பதவியில் இருக்கலாம்.

உத்தரமேரூரில் முந்நூற்றறுபது நாளாக இருந்த காலம், தொள்ளாயிரம் ஆண்டின் பின்னர் ஓர் ஆயுளாக நீண்டது. கணக்குக் கேட்பவரே மாற்றமின்றி இருப்பராயின், அவரைக் கணக்குக் கேட்பவர் யாவர்? நீதிமன்றம் ஒன்றே வழி. அவ்வழியோ பொருளும் காலமும் வேண்டுவது. அதன் அனுமதி பெற்றே வழக்குத் தொடுத்தல் வேண்டும். அதே நூற்றாண்டில் இங்கிலாந்து தன்னாட்டு அறநிலையங்களை ஆராய்தற்கு 1853ஆம் ஆண்டில் நிலையான கமிஷனரை ஏற்படுத்திக்கொண்டது. தன்னாட்டில் மேற்பார்வையை வலியுறுத்திய அரசு, பத்தாண்டின் பின்னர் ஈண்டு அப்பொறுப்பினின்றும் தன்னை முற்றும் விடுவித்துக்கொண்டது.

கோயிற்பொருள் வீணாதலைப் பற்றிய முறையீடுகள் பெருகின. பனகல் அரசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் இந்துமத அறநிலையச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன் செல்லுந்தன்மை பற்றி வழக்கெழ, 1927ஆம் ஆண்டின் 2ஆம் சட்டமாக அது மீண்டும் நிறைவேறியது. அதன்வழிக் கோயில்களை மேற்பார்க்க ஒரு வாரியம் அமைந்தது. 1923ஆம் ஆண்டின் வக்பு சட்டம் முத்தவல்லிகள் கணக்கை நீதிமன்றத்தில் ஒப்புவிக்குமாறு விதித்தது. 1951ஆம் ஆண்டில் வாரியத்தினிடத்தில் அரசின் துறை வந்தது. 1954ஆம் ஆண்டில் சீரூர் மடத்து வழக்கில் உச்சநீதிமன்றம், சமயக் காரியங்களை நடத்தும் உரிமை அச்சமயத்தார்க்கே உரியதென்றும், சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாமாயினும் அவ்வுரிமையை முற்றும் பறித்தல் ஆகாதென்றும் தீர்ப்பளித்தது. அதன்பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமே இன்று தமிழ்நாட்டில் நடைபெறுவது. கோயில் நிலத்தைக் குத்தகைக்குக் கொண்டாரும், கோயிலோடு ஒப்பந்தம் உடையாரும், கோயிற்குப் பாக்கி செலுத்தவேண்டியவரும் அறங்காவலராதல் கூடாது என்னும் அதன் விதியில் உத்தரமேரூரின் எதிரொலி கேட்கின்றது. பரம்பரை அல்லாத அறங்காவலர் குழுவில் ஒரு பெண்டிரும், தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினருள் ஒருவரும் இருத்தல் வேண்டும் என்பதில் உத்தரமேரூரின் குறையும் நிரப்பப்பெறுகின்றது.

கோயில்களை அரசு மேற்பார்த்தல் தகுமோ, அடியாரே நடத்துதல் தகுமோ என்னும் வழக்கு இன்றும் ஓய்ந்திலது. இருதிறத்தாரும் கருதவேண்டுவது ஒன்றுண்டு. அரசினர் நடத்தினும் அடியார் நடத்தினும், நடத்துவாரினின்றும் வேறாய் நிற்கும் கண்காணி வேண்டும். 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பொறுப்பு அம்மதத்தினர் கையிலேயே இருந்தது. எனினும் முறையீடுகள் பெருகின. ஆளை மாற்றுதலால் மட்டும் முறை மாறிவிடாது.

இஃது கோயில்களுக்கே உரிய செய்தியன்று. தமிழ்ச் சங்கங்கள், சைவ சபைகள், கல்விக் கழகங்கள், ஆதரவற்றோர் இல்லங்கள் என இந்நாளிற் பொதுமக்கள் பொருளால் நடைபெறுவன எண்ணில. தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, செயற்குழுவினர் பதவிக்காலம் மூன்றாண்டிற்கு மேற்படலாகாது என விதித்துள்ளது. மீண்டும் அமர்த்தப்பெறுதலை அது தடுக்கவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டமும் தணிக்கைக் கணக்கும் அதனுள் அடங்கும். எனினும் பல சங்கங்களில் நிகழ்வது யாது? தலைவர் ஒருவரே இருபதாண்டு இருப்பர். பொருளாளர் அவர் மருகராயிருப்பர். ஆண்டுக்கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்பெறுமுன்னரே சிற்றுண்டி வந்துவிடும். ஐயம் எழுப்புவாரை, அன்பரை அவமதிக்கலாமோ என்று பிறர் அடக்குவர்.

கணக்குக் கேட்டல் அவமதிப்பு என்னும் இவ்வெண்ணமே எல்லாத் தீங்கிற்கும் முதல். உத்தரமேரூரார் கணக்குக் காட்டி முடித்தவனைச் சுத்தன் என்றனர். கணக்குக் கேட்டல் நல்லவனைப் பழிப்பதன்று. அவனைப் பழியினின்றும் விடுவிப்பது. கேட்கப்பெறாத கணக்கு நல்லவனையும் தீயவனையும் ஒருங்கே ஐயத்துள் நிறுத்துகின்றது. பல்லாண்டு ஊதியமின்றி உழைத்தவர் இறுதியில் வீண்பழி சுமந்து வெளியேறுதற்கு, ஆண்டுதோறும் கணக்கு முடிக்கப்பெறாமையே பெரும்பாலும் காரணமாகும்.

ஆதலின் ஓர் அறநிலையத்தின் குழுவினர் கைக்கொள்ளத்தக்கன இவை. நடத்துவாரும் கண்காணிப்பாரும் வேறாக இருத்தல். ஒரே குடும்பத்தினர் பொருட்பொறுப்பையும் தலைமையையும் ஒருங்கு கொள்ளாமை. நிலையத்தோடு வாணிகத் தொடர்புடையார் அதுபற்றிய முடிவில் விலகி நிற்றல். கணக்கு முடித்தாலன்றி மறுபதவி இன்மை. இளையாரைச் சிறு பொறுப்பிற் பயிற்றிப் பெரும் பொறுப்பிற்குக் கொணர்தல். வரவு செலவை அனைவரும் காணும் இடத்தில் எழுதி வைத்தல். எல்லாவற்றினும் மேலாக, அவ்வறம் எதன்பொருட்டு எழுந்ததோ அப்பயன் நிகழ்கின்றதா என்று ஆண்டுக்கொருமுறையேனும் நேரிற் சென்று காணல்.

யான் எனது என்னும் செருக்கே உயிரைப் பிணிப்பது என்பது சித்தாந்தம். அச்செருக்கு வீட்டிற் பிறப்பதினும் பொதுப்பதவியிற் பிறத்தல் எளிது. நெடுநாள் காத்தவன் காத்த பொருளைத் தனதென்றே எண்ணத் தொடங்குவான். நாடோறும் தன் கையிலுள்ளது தனதன்று என்று நினைப்பிக்கும் பதவி அறங்காவற் பதவி. அந்நினைப்பினை ஒருவர் உள்ளத்தளவில் விட்டுவையாது, ஓலையிலும் கல்லிலும் சபையிலும் நிலைநாட்டிய நம் முன்னோர் வழியைப் போற்றிக் கோடல், இன்று ஓர் அறநிலையத்தின் குழுவில் அமர்ந்துள்ளார் ஒவ்வொருவர்க்கும் கடனாகும்.